தோற்கத் தெரிந்தவள்

பிணத்தைப் பார்த்த கண்ணோடு டீ குடிக்க முடியாது என்றுதான் சஹீர் நினைத்திருந்தான். இப்போது இரண்டாவது கிளாஸும் காலியாகிக்கொண்டிருந்தது. முதல் கிளாஸை அவன் குடிக்கவில்லை. வாயில் ஊறிய ரத்தத்தைக் கொப்பளித்துத் துப்புவதற்கே அது சரியாகப் போய்விட்டது.

"பல்லெல்லாம் இருக்குதா, நாக்குல தடவிப் பாத்தியா?" என்று கேட்டார் பழனியாத்தாள்.

"இருக்குதுங்க்கா. ஒண்ணு மட்டும் ஊஞ்சலாடுது."

பழனியாத்தாள் போலீஸில் ஏட்டம்மாவாக இருந்தவர். மேலதிகாரி ஒருவர் கையை வைக்கக்கூடாத இடத்தில் வைத்தபோது, இவர் தன் கையை அவருடைய கன்னத்தில் வைத்தார். வேலை போயிற்று. அன்றைக்கே உக்கடத்தில் ஒரு பேக்கரிக்கு மேலே அறை பிடித்து, துப்பறியும் நிறுவனம் என்று போர்டு மாட்டிவிட்டார். சஹீர் அங்கே உதவியாளன். அதற்கு முன்பு செல்போன் ரிப்பேர் செய்துகொண்டிருந்தான். கை வேலை செய்கிறதோ இல்லையோ, வாய் மட்டும் ஓவர்டைம் பார்க்கும். காலையில் அடி வாங்கித் தந்ததும் அந்த வாய்தான்.

அன்று காலை, பொள்ளாச்சி ரோட்டில் கிணத்துக்கடவு தாண்டி ஒரு பாழுங்கிணற்றில் பாதாளக் கரண்டியை விட்டுத் துழாவி ஒரு உடலைத் தூக்கினார்கள். இருபத்தைந்து வயதுப் பையன், தமிழ்வேந்தன். பக்கத்துத் தேங்காய் எண்ணெய் மில்லில் கொப்பரை மூட்டை தூக்குகிறவன். மண்டை பின்பக்கம் அமுங்கியிருந்தது. கழுத்தில் கூரான இரும்பு ஒன்று இறங்கி மறுபக்கம் வந்திருந்தது. சஹீர் அதைப் பார்த்தான், பார்த்திருக்க வேண்டாம் என்று நினைத்தான்.

அதே மில்லின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள் ஜோவிதா. போன வாரம் அவள் தன் அப்பாவுக்குப் போனில் ஒரு செய்தி அனுப்பினாள். 'தமிழ்வேந்தனோடு பெங்களூர் போகிறேன். தேட வேண்டாம்.' அதோடு ஆள் இல்லை. அவளைத் தேடித்தரச் சொல்லி அப்பா பழனியாத்தாளை அமர்த்தியிருந்தார். கூடப் போனவன் கிணற்றில் கிடைத்துவிட்டான். ஆகவே அவனைக் கொன்றுவிட்டு ஓடியவள் அவள்தான் என்று இன்ஸ்பெக்டர் லட்சுமணசாமி கணக்கை முடித்துவிட்டார்.

சஹீர் கிணற்றடியிலிருந்து நேரே மில்லுக்குப் போனான். போன மாதம் அங்கே செத்துப்போன சின்னத்தாயியைப் பற்றி நாலு பேரிடம் விசாரித்தான். சின்னத்தாயி தமிழ்வேந்தனின் அம்மா. கொப்பரை பூஞ்சை பிடிக்காமல் இருக்க, மூடிய அறையில் அடுக்கிவைத்துக் கந்தகப் புகை போடுவார்கள். அந்த அறைக்குள் கொப்பரை அடுக்கப் போனவள் திரும்பவில்லை. நெஞ்சுவலி என்று சொல்லிப் புதைத்துவிட்டார்கள். உதடெல்லாம் வெந்திருந்தது, இது நெஞ்சுவலி இல்லை என்று சொன்ன ஒரே ஆள் ஜோவிதா.

ஐந்தாவதாக விசாரிக்கப் போன இடத்தில், கொப்பரை காயப்போடும் களத்தின் மேனேஜர் ஜேக் நின்றிருந்தான். கேள்வி முடிவதற்குள் சஹீரின் சட்டைக் காலரைப் பிடித்து முகத்தைத் தராசுத் தூணில் மோதினான். பிறகு விழுந்தவனின் விலாவில் பூட்ஸ் காலால் உதைத்தான். "தேங்காப் பொச்சு மூட்டைக்குள்ள வெச்சுக் கொளுத்திப்போடுவேன்" என்று நிதானமாகச் சொன்னான். அந்த நிதானம்தான் சஹீரை அதிகம் பயமுறுத்தியது.

"சரி, எந்திரி. போத்தனூர் போலாம்" என்றார் பழனியாத்தாள்.

போத்தனூரில் ஜோவிதாவின் அப்பா ஞானாபரணம் கட்டிலில் சாய்ந்திருந்தார். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வுபெற்றவர். மனைவி காலமாகிவிட்டார். பக்கவாதம் வந்து இடது கை ஓய்ந்துபோனதிலிருந்து அவருக்கு உலகமே மகளும் ஒரு செல்போன் ஆட்டமும்தான். ஆளுக்கு ஏழு ஆங்கில எழுத்து வரும். அவற்றிலிருந்து வார்த்தை கண்டுபிடித்துக் கட்டத்தில் வைக்க வேண்டும். பெரிய வார்த்தைக்குப் பெரிய மதிப்பெண். அப்பா வீட்டிலிருந்தும் மகள் மில்லிலிருந்தும் தினமும் ஆடுவார்கள்.

பழனியாத்தாளையும் சஹீரையும் பார்த்ததும் ஞானாபரணம் போனைத் தூக்கிக் காட்டினார். "நேத்தும் ஆடியிருக்காளுங்க. பாப்பா உசுரோடதான் இருக்குது. கொலை பண்ணுன புள்ளை அப்பங்கூட உக்காந்து இப்படி ஆடுமுங்களா?"

இன்ஸ்பெக்டரும் அதையேதான் சொல்லியிருந்தார், வேறு ராகத்தில். ஆடுகிறாள் அல்லவா, அப்படியானால் எங்கேயோ சொகுசாக ஒளிந்திருக்கிறாள்.

கூடத்தில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவன் மெர்வின், ஜோவிதாவின் அத்தை மகன். போனிலிருந்து விரலை எடுக்காமல் எதையோ தட்டிக்கொண்டே இருந்தான். இன்னொருத்தி ஃபெமினா, ஜோவிதாவோடு மில் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள், ஜேக்கின் மனைவி. ஜோவிதா போனதிலிருந்து தினமும் வந்து பெரியவருக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுப்பது அவள்தான். முந்தானையை இழுத்துப் போர்த்தியிருந்தாலும் முழங்கையில் கன்றிப்போன விரல் தடம் தெரிந்தது. அந்தக் கை எந்தக் கை என்று சஹீரின் வாய்க்கு நன்றாகத் தெரியும். அவளைப் பார்க்கவே அவனுக்குப் பாவமாக இருந்தது.

"அவரு பண்ணுனதுக்கு நான் மன்னிப்புக் கேட்டுக்கறனுங்க" என்றாள் அவனிடம், மெல்லிய குரலில்.

பழனியாத்தாள் ஜோவிதாவின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். அலமாரியில் துணிக்கு அடியில் விரிசல் விட்ட ஒரு பழைய டேப்லெட் கிடந்தது. சஹீர் சார்ஜ் போட்டுத் திறந்தான். ஜோவிதா அதில்தான் முதலில் இந்த ஆட்டத்தை ஆடியிருக்கிறாள். பூட்டவே இல்லை. அவள் பெயரில் நடக்கும் ஆட்டம் அப்படியே திரையில் விரிந்தது. இப்போது அவள் கையிலிருக்கும் ஏழு எழுத்து, பழைய ஆட்டங்களில் எப்போது என்ன எழுத்து இருந்தது, எல்லாமே இருந்தது.

"நேத்து எந்த எழுத்தை வெச்சு என்ன வார்த்தை போட்டான்னு பாரு."

"அதுக்கு இங்கிலீஷ் வேணுமுங்களே. எனக்கு குட்மார்னிங்குக்கு அக்கட்ட ஓடாது." சஹீர் தன் போனை எடுத்தான். "ஆனா இதுக்குன்னே ஒரு சைட்டு இருக்குதுங்க. எழுத்தை அடிச்சா அதுக்குள்ள இருந்து வர்ற வார்த்தை அத்தனையும் கொட்டீரும். பெருசு மேல, சிறுசு கீழ."

அடித்தான். நேற்றைய ஏழு எழுத்தை அடித்தபோது மேலே வந்த முதல் வார்த்தைதான் நேற்று ஆட்டத்தில் விழுந்திருந்தது. முந்தாநாளையதும் அப்படியே. அதற்கு முந்தினதும் அப்படியே. சஹீருக்கு விலா வலி மறந்துபோயிற்று.

"அக்கா, இது ஆளு ஆடலைங்க. இந்த சைட்டு ஆடியிருக்குது. எவனோ எழுத்தை இதுல அடிச்சு, மேல வர்றதை அப்படியே எடுத்துப் போட்டிருக்கான்."

"ஜோவிதாவே அப்படிச் செஞ்சிருந்தா? அவ காணாமப் போறதுக்கு முந்தின ஆட்டத்தைப் பாரு."

பார்த்தான். முதலில் அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு நாள் அவள் கையில் கியூவும் இஸட்டும் இருந்திருக்கின்றன. 'க்வார்ட்ஸ்' என்ற வார்த்தை முழுசாக இருந்திருக்கிறது, வைக்க இடமும் இருந்திருக்கிறது. அவள் போட்டது மூன்றெழுத்து 'ரேட்'. வெறும் எலி. மறுநாளும் மலை மாதிரி ஒரு வார்த்தையைக் கையில் வைத்துக்கொண்டு மூன்றெழுத்தில் ஏதோ போட்டிருக்கிறாள். வருஷம் முழுக்க அப்படித்தான். வருஷம் முழுக்க அப்பாதான் ஜெயித்திருக்கிறார்.

"அந்தப் புள்ளைக்கு இங்கிலீஷ் என்னாட்டந்தான் போலிருக்குது" என்றான்.

"மெர்வின்கூட ஆடுன ஆட்டம் இருக்குது பாரு, அதைத் திற."

மெர்வினை அவள் துவைத்துக் காயப்போட்டிருந்தாள். ஒரு ஆட்டம்கூட விட்டுவைக்கவில்லை. பெரிய பெரிய வார்த்தைகளாக வரிசை கட்டி நின்றன. சஹீர் திரும்பவும் அப்பாவோடு ஆடிய பக்கத்துக்கு வந்தான். எலி, பூனை, தொப்பி.

"கை ஓஞ்சு கெடக்கற அப்பனை ஜெயிக்க வெக்கறதுக்குத் தெனமும் உக்காந்து தோத்திருக்குதுங்க்கா."

"ஆமா. இது அவளா இருந்தா தோத்திருப்பா. ஆடறவனுக்கு அது தெரியல, ஜெயிச்சுட்டே போறான்." பழனியாத்தாள் கட்டிலில் உட்கார்ந்தார். "ஆனா ஒண்ணு தெரிஞ்சிருக்குது. பழைய ஆட்டத்துல பாரு, ஞாயித்துக்கிழமை சர்ச்சுல ரெண்டாம் பூசை முடியறவரைக்கும் இந்த ஊட்டுல ஆட்டமில்லை. அதை அந்த ஆளு தப்பாம கடைப்பிடிச்சிருக்கான். அதோட, ஒரு நாள் ஆட்டம் நின்னாப் பெரியவரு போலீசுல போய் உக்காந்துக்குவாருன்னும் தெரிஞ்சிருக்குது. இந்தக் கூடத்துக்கு வந்து போற ஆளு, சஹீரு."

"மெர்வினுங்க. போனை நக்கிட்டே உக்காந்திருக்கான் பாருங்க."

"இருக்கலாம். ஜேக்குக்குக் கூட்டு இந்த ஊட்டுக்குள்ள இருக்குது. கொன்னது ஜேக்குங்கறது உன்ற மூஞ்சியிலயே எழுதியிருக்குது, ஆனா உன்ற மூஞ்சிய கோர்ட்டுல சாட்சியா வெக்க முடியாது." எழுந்துபோய்க் கதவுத் தாழ்ப்பாளைச் சரிபார்த்தார். பிறகு, "பிணம் கெடைச்சுப்போச்சு. பழியும் அவ தலையில விழுந்தாச்சு. இனி அவ தூக்குல தொங்கறதுதான் பாக்கி. குத்தம் உறுத்திச் செத்துப்போனான்னு கேஸையே மூடிருவாங்க. அவ இன்னும் உசுரோட இருந்தா, அது இன்னைக்கு ஒரு நாளைக்குத்தான்" என்றார்.

சஹீர் எச்சிலை விழுங்கினான். ரத்தமும் சேர்ந்து இறங்கியது.

"ஜேக் இப்ப ஸ்டேஷன்ல இருக்கான். உன்னை அடிச்சதுக்குப் புகார் குடுத்திருக்கேன். போனையும் வாங்கி வெச்சுக்கச் சொல்லியிருக்கேன்."

"அப்ப என்ற பல்லு வீணாப் போகல."

"இப்ப இந்த டேப்லெட்டுல இருந்து நாம ஆடப்போறோம். போலி ஜோவிதாகிட்டத்தான் நெசமான ஜோவிதாவோட போனு இருக்குது. அவங்க ஆடாம ஜோவிதா ஆடினா அவங்க என்ன நெனைப்பாங்க?"

பழனியாத்தாள் திரையைப் பார்த்தார். கையிலிருந்த எழுத்துகள் ஈ, ஏ, டி, எஸ், ஆர், ஐ, என். சைட்டில் அடித்தால் ஏழெழுத்து வார்த்தைகள் வரிசையாக வந்து விழும், அப்படிப்பட்ட அதிர்ஷ்டக் கை. அவர் அதில் மூன்றே எழுத்தை எடுத்தார். 'டீ' என்று வைத்தார்.

"காலையில இருந்து நீ குடிச்சதே மனசுல நிக்குது" என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்தார்.

கூடத்தில் பெரியவரின் போன் 'டிங்' என்றது.

ஞானாபரணம் ஒற்றைக் கையால் போனைத் தூக்கிக் கண்ணருகே கொண்டுபோனார். "பாப்பா! பாப்பா ஆடியிருக்குது! டீ... வெறும் டீ போட்டிருக்குது!" அவர் சிரித்தார், அழுதார், இரண்டையும் ஒன்றாகச் செய்தார். "இதுதானுங்க. இதுதான் என்ற பாப்பா!"

சஹீருக்கு அவர் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லை. அந்த டீயைப் போட்டவர் கதவோரம் நிற்கிறார் என்று அந்த மனிதரிடம் எந்த வாயால் சொல்வது? இத்தனை நாள் ஆடியதும் பாப்பாதான் என்று சாதித்தவர், இன்றைக்கு மட்டும் ஏன் 'இதுதான்' என்று கூவுகிறார் என்பது அவனுக்கு அப்போது உறைக்கவில்லை.

மெர்வின் துள்ளி எழுந்தான். "காட்டுங்க மாமா! எத்தனை பாயிண்ட்டு? மெசேஜ் ஏதும் போட்டிருக்குதா?" என்று கட்டிலின் மேலேயே ஏறிவிட்டான்.

ஃபெமினா போனைப் பார்க்கவில்லை. என்ன வார்த்தை என்று கேட்கவில்லை. அவள் கையிலிருந்த கஞ்சிக் கிண்ணம் நழுவி, கொதிக்கிற கஞ்சி அவள் பாதத்திலேயே கொட்டியது. அவள் காலை உதறக்கூட இல்லை. மூலையில் மாட்டியிருந்த தன் கைப்பையையே வெறித்துக்கொண்டிருந்தாள்.

"அடுப்புல சோறு வெச்சுட்டு வந்துட்டனுங்க. வாரனுங்க" என்று பையைப் பறித்துக்கொண்டு ஓடினாள். வெளியே ஸ்கூட்டர் சீறியது.

"அந்தம்மாவா?" சஹீருக்கு நம்ப முடியவில்லை. "அந்தம்மாவுங்களா அக்கா?"

"வண்டிய வெரசா எடு! ஜோவிதா செத்திருந்தா இவ பேயின்னு அலறியிருப்பா. இவ ஓடறா. உள்ள அடைச்சு வெச்சிருக்கற ஜோவிதா கையில எப்படியோ போனு வந்துருச்சுன்னு பதறி ஓடறா. அவ உசுரோட இருக்காடா!"

ஈச்சனாரி தாண்டிப் பொள்ளாச்சி ரோட்டில் ஸ்கூட்டர் பறந்தது. ஃபெமினா ஒரு கையால் ஓட்டிக்கொண்டே மறு கையால் யாருக்கோ திரும்பத் திரும்பப் போன் போட்டாள். யாரும் எடுக்கவில்லை என்பது அவள் தலையாட்டலிலேயே தெரிந்தது. சஹீர் லாரிகளுக்கு நடுவே வண்டியை நுழைத்து நுழைத்துப் பின்தொடர்ந்தான். பின்னால் பழனியாத்தாள் போனில் இன்ஸ்பெக்டரிடம் கத்திக்கொண்டிருந்தார்.

"விட்டுட்டீங்களா? எப்பங்க? ... யாரு வந்தா என்னங்க, வக்கீலு வந்தா விட்டுருவீங்களா? போனையுமா குடுத்தீங்க? ஐயா, ஆளுகளோட உடனே வாங்க. ஒரு உசுருங்க!"

சஹீர் ஆக்சிலரேட்டரை முறுக்கினான். ஜேக் இந்நேரம் மனைவியின் தவறிய அழைப்புகளைப் பார்த்திருப்பான்.

கிணத்துக்கடவு கடந்து, தென்னந்தோப்புக்குள் ஒரு மண்தடம் பிரிந்தது. அதன் முடிவில் மில்லுக்குச் சொந்தமான பழைய களம் இருந்தது. சின்னத்தாயி செத்ததிலிருந்து அங்கே வேலை நடப்பதில்லை. காய்ந்த மட்டைக் குவியல், ஓடு உடைந்த கொட்டகை, ஓரத்தில் ஜன்னலே இல்லாத ஒரு கல் அறை. கந்தக நெடி இன்னும் மூக்கைக் குத்தியது. அறையின் இரும்புக் கதவு திறந்து கிடந்தது. உள்ளேயிருந்து யாரோ கன்னத்தில் அறையும் சத்தம் கேட்டது.

"எங்கடி போனு? சொல்லு! யாருடி குடுத்தா?"

"வண்டிய மறைச்சு நிறுத்திப்போட்டு வா" என்று சொல்லிவிட்டுப் பழனியாத்தாள் உள்ளே பாய்ந்தார்.

சஹீர் வண்டியை மட்டைக் குவியலுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டிருந்தபோது எல்லாம் காதில் விழுந்தது. ஏதோ இரும்பு தரையில் விழுந்தது. ஃபெமினா வீறிட்டாள். ஏட்டம்மாவின் பிடியில் கை முறுக்கினால் யாரும் அப்படித்தான் வீறிடுவார்கள். பிறகு அழுகை.

"நான் ஆடுனதாலதானுங்க இத்தனை நாள் இவ உசுரோட இருந்தா! ஆட்டம் நிக்காத வரைக்கும் பெரியவரு போலீசுக்குப் போகமாட்டாரு, கொல்லாதீங்கன்னு நாந்தானுங்க அவரு கால்ல உழுந்தேன். இன்னைக்குப் பொழுதோட முடிச்சுப்போடறேன்னுட்டாருங்க. இவ போனுல பேசிட்டான்னா என்னையும் சேத்துத்தானுங்க கொல்லுவாரு!"

"காப்பாத்தறதுக்கு வந்தவ கட்டை அவுத்துட்டிருக்கோணும் அம்மணி. கன்னத்துல அறைஞ்சுட்டிருக்கக் கூடாது."

அப்போதுதான் ஜீப் வந்தது. மண்தடத்தில் அல்ல, தோப்புக்குள் குறுக்கே. ஜேக் இறங்கினான். திறந்த கதவையும் உள்ளே கேட்ட குரல்களையும் ஒரு நொடி கவனித்தான். பிறகு ஓடிப்போய் இரும்புக் கதவை அறைந்து சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டான். கொட்டகையிலிருந்து ஒரு சட்டியை எடுத்து, அதிலிருந்த மஞ்சள் கந்தகக் கட்டிகளின் மேல் மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைத்தான். நீலமாக எரிந்த சட்டியை, சுவரின் அடியிலிருந்த பொந்து வழியாகக் காலால் உள்ளே தள்ளினான். எல்லாவற்றையும் காலையில் சஹீரை உதைத்த அதே நிதானத்தோடு செய்தான்.

உள்ளே மூவரும் இருமத் தொடங்கினார்கள். கதவு அதிர்ந்தது. "ஏனுங்க! நானும் உள்ள இருக்கேனுங்க! நாந்தானுங்க, ஃபெமினா!"

"சின்னத்தாயியும் இப்படித்தான் கத்துனா" என்றான் ஜேக்.

சஹீருக்குப் பயம் எந்த நொடியில் போயிற்று என்று பிற்பாடு கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது. ஒரு தேங்காயைத் தூக்கி ஜேக்கின் பின்மண்டையில் எறிந்தான். பிறகு தானும் பாய்ந்தான். ஜேக் திரும்பி அவனை ஒரே குத்தில் தரையில் சாய்த்தான். ஆடிக்கொண்டிருந்த பல் அந்தக் குத்திலேயே விடைபெற்றது. சஹீர் விழுந்த இடத்திலேயே ஜேக்கின் காலைக் கட்டிக்கொண்டு ஆடுசதையில் மிச்சப் பற்களை இறக்கினான். ஜேக் அலறினான். சஹீரின் முதுகில் மாறி மாறிக் குத்தினான். எலும்பு ஏதோ முறிவது சஹீருக்குத் தன் காதிலேயே கேட்டது. விடவில்லை.

களத்தின் நடுவே தேங்காய் மட்டை உரிக்கிற இரும்புப் பாரை, கூர்முனை மேலே தெரிய நட்டுவைத்தபடியே இருந்தது. தமிழ்வேந்தனின் கழுத்தில் இறங்கியது இதுவாகத்தான் இருக்க வேண்டும். அதன் அடியில் கறுத்த கறை காய்ந்திருந்தது. ஜேக் சஹீரைத் தூக்கி அதை நோக்கி இழுத்தான். முதுகை வாட்டமாகப் பிடித்து, அதன் மேல் அறைவதற்காக உயர்த்தினான். சஹீர் வாயில் நிரம்பியிருந்த ரத்தத்தையும் பல்லையும் மொத்தமாக அவன் கண்ணில் துப்பினான். ஜேக் ஒரு நொடி கண்ணை மூடினான். பிடி நழுவியது. சஹீர் பக்கவாட்டில் உருண்டான். தடுமாறிய ஜேக், விழாமல் இருக்கக் கையை ஊன்றினான். ஊன்றிய இடத்தில் பாரை இருந்தது.

உள்ளங்கைக்குள் நுழைந்த கூர், புறங்கை வழியாக வெளியே வந்தது. அந்தத் தோப்பில் இருந்த காக்கைகள் அத்தனையும் பறந்தன.

சஹீர் தவழ்ந்தே போய்த் தாழ்ப்பாளை இழுத்தான். நீலப் புகையோடு பழனியாத்தாள் வெளியே வந்தார். கண்கள் ரத்தமாகச் சிவந்திருந்தன. ஒரு தோளில் ஜோவிதாவைப் போட்டிருந்தார், மறு கையால் ஃபெமினாவின் முடியைப் பிடித்து இழுத்து வந்தார். யாரையும் உள்ளே விட்டு வரவில்லை. ஜோவிதாவின் உதடு வெந்திருந்தது. மணிக்கட்டில் கயிறு அறுத்திருந்தது. மூச்சு இருந்தது.

தூரத்தில் போலீஸ் ஜீப்பின் சத்தம் கேட்டது. "வந்துட்டாருங்க நம்ம லட்சுமணசாமி" என்றான் சஹீர், வாயில் ரத்தம் நுரைக்க. "பாயசம் ஊத்தற நேரத்துக்குக் கரெக்டா வந்துட்டாருங்க."

இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரி வராந்தாவில், மெர்வின் தள்ளிவந்த சக்கர நாற்காலியில் ஞானாபரணம் உட்கார்ந்திருந்தார். ஜோவிதா பிழைத்துவிட்டாள். தொண்டை வெந்திருந்ததால் இப்போதைக்குப் பேச்சு வராது, வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஜேக் கையில் கட்டும் காலில் விலங்குமாக வேறொரு ஆஸ்பத்திரியில் கிடந்தான். சின்னத்தாயியை உள்ளே வைத்தே ஜேக் புகை போட்டதையும், அதைக் கேட்கப் போனதற்காகத் தமிழ்வேந்தனைக் கொன்று ஜோவிதாவை அடைத்ததையும், பெங்களூர் செய்தியைத் தாங்களே அனுப்பியதையும் ஃபெமினா சொல்லிவிட்டாள்.

மெர்வின் மருந்து வாங்கப் போனதும் பழனியாத்தாள் பெரியவரின் பக்கத்தில் உட்கார்ந்தார். "ஐயா, உங்ககிட்ட ஒண்ணு ஒத்துக்கோணும். அன்னைக்கு அந்த டீ, உங்க பாப்பா போட்டது இல்லீங்க. நான் போட்டேன். உங்களை அப்படிச் சந்தோசப்படுத்தி ஏமாத்துனதுக்கு மன்னிக்கோணும்."

ஞானாபரணம் கையிலிருந்த போனைச் சட்டைப்பையில் போட்டார்.

"அதுல ஏமாந்துட்டனுங்க" என்றார். "ஏன்னா பாப்பா அப்படித்தான் ஆடும். தோத்துத்தான் போகும். எனக்குத் தெரியாதுன்னு நெனைச்சுட்டிருக்குது. எனக்கு மொத வாரத்துலயே தெரியுமுங்க."

சஹீர் நிமிர்ந்து உட்கார்ந்தான். கட்டுப்போட்ட விலா வலித்தது. "அப்ப இந்தப் போலி ஆட்டம்?"

"பாப்பா போன அன்னைக்கு மறாநாளே பெரிய வார்த்தையா ஒண்ணு வந்து உழுந்துச்சுங்க. அப்பவே தெரிஞ்சுபோச்சு, இது என்ற பாப்பா இல்லைன்னு."

"பின்ன ஏனுங்க யாருகிட்டயும் சொல்லல?"

"சொன்னா?" பெரியவரின் குரல் உடைந்தது. "பாப்பா இல்லைன்னு நானே என்ற வாயில சொன்ன மாதிரி ஆயிருமல்லங்க. இது யாரோ, என்ற புள்ளையோட போனைக் கையில வெச்சிருக்கறவங்கன்னு தெரிஞ்சேதானுங்க தெனமும் உக்காந்து ஆடுனேன். கொன்னவங்ககூட ஆடறேன்னு நெனைச்சுட்டே ஆடுனேன். நிறுத்துனா எல்லாமே நின்னுபோயிருமோன்னு பயமுங்க."

பழனியாத்தாள் அவருடைய ஓய்ந்த கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். ஏட்டம்மா அழுது சஹீர் பார்த்ததில்லை. கந்தகப் புகையால்தான் இன்னும் கண் எரிகிறது என்று அவர் சொன்னார்.

நாற்காலியை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். ஜோவிதா தலையணையில் சாய்ந்திருந்தாள். மடியில் அந்த விரிசல் விட்ட டேப்லெட் இருந்தது. அப்பாவைப் பார்த்ததும் வெந்த உதட்டால் சிரிக்க முயன்றாள், வலியில் நிறுத்திக்கொண்டாள். பிறகு மெதுவாகத் திரையில் விரலை நகர்த்தினாள்.

பெரியவரின் சட்டைப்பையில் 'டிங்' என்றது. எடுத்துப் பார்த்தார். 'கேட்' என்று போட்டிருந்தாள். பூனை.

"ஏம் பாப்பா," என்றார் ஞானாபரணம், குரலை வெகு சாதாரணமாக வைத்துக்கொண்டு, "இதைவிடப் பெருசா ஒண்ணுங்கூடக் கையில இல்லியா?"

ஜோவிதா இல்லை என்று தலையாட்டினாள்.

கட்டிலுக்குப் பின்னால் நின்ற சஹீருக்கு அவளுடைய டேப்லெட் தெரிந்தது. அவனுடைய ஆங்கிலத்துக்கே அதில் இன்னும் பெரிய வார்த்தை ஒன்று பளிச்சென்று தெரிந்தது. வாயைத் திறந்தான். பெரியவர் அவனை ஒரு பார்வை பார்த்தார். சஹீர் பிறந்ததிலிருந்து முதல் தடவையாகச் சொல்ல வந்ததை விழுங்கினான்.

"இல்லைன்னாச் சரி" என்றார் ஞானாபரணம். தன் எழுத்துகளை ஒற்றைக் கையால் ஒவ்வொன்றாக அடுக்கி வைத்து, அந்த ஆட்டத்தையும் ஜெயித்தார்.